நாவடக்கமும் வாய்ப்பூட்டும்

வீட்டில் அரிசி தீர்ந்துவிட்டால், 'இல்லை' என்று சொல்ல நம் பெண்களுக்கு வாய் வருவதில்லை. 'அரிசி நிறைந்திருக்கிறது' என்பார்கள். விளக்கை அணைக்கச் சொல்லாமல், 'விளக்கைக் குளிர வை' என்பார்கள். விடைபெறுகிறவர் 'போகிறேன்' என்று சொல்லாது, 'போய் வருகிறேன்' என்பார். இவற்றை யாரும் சட்டம் போட்டு விதிக்கவில்லை. கேட்பவர் மனம் நோகாதிருக்க வேண்டும் என்ற எண்ணமே தலைமுறை தலைமுறையாக நாவிற் படிந்து வழக்காகிவிட்டது.

இவ்வழக்கை நம் இலக்கண நூலார் கூர்ந்து நோக்கிப் பெயரிட்டு வைத்திருக்கின்றனர். பதின்மூன்றாம் நூற்றாண்டில் நன்னூல் செய்த பவணந்தி முனிவர், தகுதி வழக்கை மூன்றாகப் பகுக்கிறார். நாகரிகமற்ற சொல்லை மறைத்து வேறு சொல்லாற் கூறுவது இடக்கரடக்கல். மங்கலமற்றதை மங்கலமாகக் கூறுவது மங்கலம். செத்தாரைத் 'துஞ்சினார்' என்பதும், சுடுகாட்டை 'நன்காடு' என்பதும் இதன்பாற்படும். ஒரு கூட்டத்தார் தமக்குள் மட்டும் பொருள் விளங்குமாறு வழங்குவது குழூஉக்குறி. பொற்கொல்லர் பொன்னைப் 'பறி' என்பதும், வேடர் கள்ளைச் 'சொல்விளம்பி' என்பதும் உரையாசிரியர்கள் காட்டும் உதாரணங்கள். பள்ளிப் பிள்ளைகள் இவற்றை மனப்பாடம் செய்து ஒப்பிப்பார்கள். ஆயினும் இம்மூன்று வகைக்கும் நாட்டு வரலாற்றில் நேர்ந்த கதியைப் பாடநூல்கள் பெரும்பாலும் எடுத்துரைப்பதில்லை. அதனையே இன்று சிறிது ஆராய்வோம்.

மனிதன் சொல்லவந்ததைச் சொல்லாது அடக்குவதற்குக் காரணங்கள் இரண்டு. ஒன்று பண்பு, மற்றொன்று அச்சம். பண்பினால் அடங்குவதை நாவடக்கம் என்கிறோம். அச்சத்தினால் அடங்குவதற்கு நம் மக்கள் வைத்த பெயர் வாய்ப்பூட்டு. வெளியிலிருந்து பார்ப்பவர்க்கு இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். இரண்டிலும் குரல் தாழ்ந்திருக்கும். சொல் மென்மையாக இருக்கும். தலை சற்றுக் கவிழ்ந்திருக்கும். எனவேதான் ஒன்றை மற்றொன்றென்று மயங்குவது எளிதாகிறது. அதிகாரத்தில் இருப்பவர்கள் அம்மயக்கத்தை விரும்புவதும் உண்டு.

பண்பின் அடக்கத்துக்குச் சங்க நூல்களிற் சான்று தேடினால், பிசிராந்தையார் பாண்டியன் அறிவுடை நம்பிக்குச் சொன்ன அறிவுரை முதலில் நினைவுக்கு வருகிறது. அரசன் குடிகளை வருத்தி வரி கொள்ளும் நிலையில் இருந்தான். புலவர் அவனைக் கொடியவன் என்று ஏசவில்லை. யானையின் கதையொன்றைச் சொன்னார். சிறு நிலத்து நெல்லாயினும் அறுத்துக் கவளமாக்கிக் கொடுத்தால் யானைக்குப் பல நாளைக்குக் காணும். நூறு வயல்களாயினும் யானை தானே புகுந்து மேய்ந்தால், அதன் வாய் உண்பதினும் கால் மிதித்து அழிப்பதே மிகுதி என்றார். அரசனுக்கு இதைவிடத் தெளிவாக எதுவும் சொல்லியிருக்க முடியாது. செவியறிவுறூஉ என்று இதற்கு ஒரு துறையே வகுத்தனர் நம் முன்னோர். அரசன் செவியில் உண்மையைப் புகுத்துவது புலவர் கடமை என்று அக்காலத்தார் கொண்டிருந்தனர் என்பதற்கு அப்பெயரே சான்று.

ஔவையார் தொண்டைமானிடம் தூது சென்றபோது அவனுடைய படைக்கலக் கொட்டிலைப் புகழ்ந்த செய்தியும் யாவரும் அறிந்ததே. 'உன் கருவிகள் நெய் பூசி மாலை சூட்டி அழகாக இருக்கின்றன. அதியமானுடையவையோ போரில் நுனி முரிந்து கொல்லன் பட்டறையிற் கிடக்கின்றன' என்ற கருத்துப்படப் பேசினார். கேட்டவனுக்குப் புகழாகவும் பட்டது, பொருளும் தைத்தது. தொல்காப்பியம் அங்கதத்தைச் செம்பொருள் அங்கதம், பழிகரப்பு அங்கதம் என்று இரண்டாகக் கூறும். பழியை வெளிப்படக் கூறுவது முன்னது. மறைத்துக் கூறுவது பின்னது. திருவள்ளுவரும் இனியவை கூறலுக்கு ஓர் அதிகாரம் வகுத்தவர்தாம். ஆயினும் இடித்துரைக்கும் துணையில்லாத மன்னன், பகைவர் இல்லாமலே கெடுவான் என்பது அவர் கருத்து. ஆகவே நம் மரபில் இனிய சொல் உண்மைக்கு மாற்று அன்று. உண்மையை ஏற்றிச் செல்லும் வண்டி என்றே கொள்ளவேண்டும்.

இனி, அச்சத்தின் அடக்கத்தைக் காண்போம். அரங்கேற்றத்தில் புலவர் தம்மைத் தாமே தாழ்த்திக்கொள்வது அவையடக்கம். பாற்கடலை நக்கிக் குடிக்கப் புகுந்த பூனையோடு தம்மை ஒப்பிட்டுக்கொண்டார் கம்பர். அவர் தாமே விரும்பிச் சொன்ன சொல் அது. ஆனால் திருவிதாங்கூர் நாட்டில், பத்தொன்பதாம் நூற்றாண்டிலும், ஒடுக்கப்பட்ட சாதியார் மேற்சாதியார் முன்னிலையில் 'நான்' என்று சொல்லக்கூடாது. 'அடியன்' என்றே சொல்ல வேண்டும். தாம் உண்ணும் சோற்றைச் சோறென்று சொல்லாமல், அழுக்குக் கஞ்சி என்று பொருள்படும் இழிந்த சொல்லாற் குறிக்க வேண்டும். பெற்ற மக்களைக் குரங்குகள் என்றும் கன்றுகள் என்றும் சொல்ல வேண்டும். அங்குப் பணிபுரிந்த சாமுவேல் மட்டீர் என்னும் பாதிரியார் 1871-இல் வெளியிட்ட தம் நூலில் இவற்றை எழுதிவைத்திருக்கிறார். கம்பர் சொன்னதும் பணிவு. அக்குடிமகன் சொன்னதும் பணிவு. ஆனால் முன்னது ஒரு பெரும்புலவரின் அணிகலன்; பின்னது ஏழையின் கழுத்தில் பூட்டிய நுகத்தடி. 'அடியன்' என்று சொல்லாமலிருக்க அவனுக்கு உரிமையில்லை. உரிமையில்லாத இடத்தில் பணிவுக்கு என்ன மதிப்பு?

இத்தகைய அச்சம் எத்துணைப் பெரிய உண்மையையும் மூடிவிடும் என்பதற்குச் சென்னை மாகாணத்திலேயே ஒரு சான்று உண்டு. கம்பெனி ஆட்சிக் காலத்தில் நிலவரி தண்டும் ஊழியர்கள், வரி செலுத்த இயலாத குடியானவர்களை அடித்தும் வதைத்தும் பணம் பெற்றனர். குனியவைத்துக் கட்டி வெயிலில் நிறுத்தும் வதைக்கு அண்ணாந்தாள் என்று பெயர். இரண்டு மரக்கட்டைகளுக்கிடையே விரல்களை நசுக்கும் கருவிக்குக் கிட்டி என்று பெயர். ஊரெல்லாம் அறிந்த இக்கொடுமை, மேலிடத்துக்கு மட்டும் தெரியாமலிருந்தது. அல்லது தெரியாததுபோல் இருந்தது. காஜுலு லட்சுமிநரசு செட்டியார் முதலியோர் 1852-இல் நிறுவிய சென்னைச் சுதேசிகள் சங்கம் இங்கிலாந்துப் பாராளுமன்றத்துக்கு விண்ணப்பம் அனுப்பிற்று. 1854-இல் அம்மன்றத்தில் இப்பொருள்பற்றி விவாதம் எழுந்தது. அதன்பின் எலியட், ஸ்டோக்ஸ், நார்ட்டன் என்னும் மூவரைக் கொண்ட விசாரணைக் குழு சென்னையில் அமைந்தது.

முறையிட விரும்புவோர் வரலாம் என்று குழு அறிவித்தது. சில மாதங்களுக்குள் நேரிலும் கடிதம் வாயிலாகவும் 1,900-க்கும் மேற்பட்ட முறையீடுகள் வந்து குவிந்தன. பல்லாண்டுகள் வாய் திறவாதிருந்த மக்கள் எப்படிப் பேசினர்? அவர்கள் ஊமைகளாக இருந்ததில்லை. கேட்கும் செவிதான் இல்லாதிருந்தது. 1855-இல் வெளியான அறிக்கை, வதை நிகழ்வது உண்மையென்று ஒப்புக்கொண்டதோடு நிற்கவில்லை. வதையினும் தம்மை மிகுதியாக வருத்தியது, பாதிக்கப்பட்டவர் பரிகாரம் பெறுவதில் உள்ள இடர்ப்பாடே என்று கூறிற்று. குடியானவன் தாசில்தார்மீது மேலதிகாரிக்கு மனு எழுதினால், அம்மனு வழக்கமான குறிப்போடு அதே தாசில்தாரிடம் செல்லும்படி திருப்பப்பட்டது. யார்மீது முறையிட்டானோ அவர் கையிலேயே முறையீடு சென்று சேர்ந்தால், அடுத்த முறை அவன் வாய் திறப்பானா? பிசிராந்தையார் பேசியதும் வரியைப் பற்றியே. இக்குடியானவன் பேசாது விழுங்கியதும் வரியைப் பற்றியே. ஒருவருக்குச் செவியறிவுறூஉ என்னும் துறை இருந்தது. மற்றவருக்குக் கச்சேரி வாசல் மட்டுமே இருந்தது.

அச்சகமும் பத்திரிகையும் பெருகிய பின், அரசாங்கத்தின் கவனம் அவற்றின்மீது திரும்பிற்று. 1870-இல் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 124-ஏ என்னும் இராஜத்துரோகப் பிரிவு சேர்க்கப்பட்டது. 1878-இல் லிட்டன் பிரபு நாட்டுமொழிப் பத்திரிகைச் சட்டத்தை இயற்றினார். ஆங்கிலப் பத்திரிகைகளுக்கு இச்சட்டம் இல்லை, நாட்டுமொழிகளுக்கு மட்டுமே. வங்காளத்தில் அமிர்த பஜார் பத்திரிகை உடனே முழு ஆங்கில இதழாக மாறித் தப்பிற்று. தென்னாடு இச்சட்டத்துக்கு உட்படவில்லை. ரிப்பன் பிரபுவின் காலத்தில் அது நீக்கப்பட்டது. ஆனால் நாட்டுமொழிப் பத்திரிகைகளை வாரந்தோறும் படித்து, அவற்றின் சாரத்தை ஆங்கிலத்தில் பெயர்த்து மேலிடத்துக்கு அளிக்கும் வழக்கம் சென்னையிலும் நடந்துவந்தது. ஆகவே தமிழ்ப் பத்திரிகை ஆசிரியர் ஒவ்வொருவரும், சந்தா செலுத்தும் வாசகருக்காக ஒரு கண்ணும், சந்தா செலுத்தாது படிக்கும் அந்த அரசாங்க வாசகருக்காக மற்றொரு கண்ணும் வைத்து எழுதும் நிலை ஏற்பட்டது.

1908-ஆம் ஆண்டு தமிழ்நாட்டில் இது உச்சத்தை அடைந்தது. திருநெல்வேலியில் பேசிய பேச்சுக்காக வ. உ. சிதம்பரம் பிள்ளைக்கு நாற்பதாண்டு அளவுக்குத் தண்டனை விதிக்கப்பட்டது. மேல்முறையீட்டில்தான் அது குறைந்தது. சுதேசமித்திரன் ஆசிரியர் ஜி. சுப்பிரமணிய ஐயர் கைது செய்யப்பட்டார். பாரதியார் எழுதிவந்த 'இந்தியா' இதழுக்குச் சட்டப்படி ஆசிரியராகப் பதிவாகியிருந்த மு. சீனிவாசன் சிறை சென்றார். பாரதியார் பிரெஞ்சு ஆட்சியிலிருந்த புதுச்சேரிக்குச் சென்று, அங்கிருந்து 'இந்தியா'வை நடத்தினார். பிரிட்டிஷ் எல்லைக்குள் அதன் வரவு தடுக்கப்பட்டபின், 1910-இல் அவ்விதழ் நின்றது.

அவ்வாண்டிலேயே வந்த 1910-ஆம் ஆண்டு அச்சகச் சட்டம்தான் நம் ஆராய்ச்சிக்கு முக்கியமானது. இராஜத்துரோகப் பிரிவு எழுதியவனைப் பிடித்தது. இச்சட்டமோ அச்சகத்தின் சொந்தக்காரரைப் பிடித்தது. புதிதாக அச்சகம் வைப்பவர் 500 ரூபாய் முதல் 2,000 ரூபாய் வரை ஜாமீன் தொகை கட்ட வேண்டும். ஆட்சேபத்துக்குரியதாக அரசாங்கம் கருதும் ஏதேனும் அச்சானால் அத்தொகை பறிமுதலாகும். மீண்டும் தொடங்க 1,000 ரூபாய் முதல் 10,000 ரூபாய் வரை கட்ட வேண்டும். மறுபடியும் தவறினால் தொகையோடு அச்சு இயந்திரமும் போய்விடும். அக்காலத்து 2,000 ரூபாய் சிறிய அச்சகத்தாருக்கு வாழ்நாள் முதல். எனவே அரசாங்கம் தணிக்கை அதிகாரியை அனுப்ப வேண்டிய தேவையே இல்லாமற் போயிற்று. அச்சகத்தாரே தணிக்கையாளரானார். அவர் முகம் சுளிப்பாரே என்று ஆசிரியர் தணிக்கையாளரானார். ஆசிரியர் அடித்துவிடுவாரே என்று எழுதுகிறவன் தன் பேனாவைத் தானே நிறுத்திக்கொண்டான். பறிமுதலான தொகைகளைக் கணக்கெடுக்கலாம். எழுதப்படாமலே போன வாக்கியங்களுக்குக் கணக்கு ஏது?

இச்சட்டத்தின் சொற்கள் இலக்கணம் கற்றவர் கவனிக்கத் தக்கவை. நேராகவோ மறைமுகமாகவோ, உய்த்துணர வைத்தோ, குறிப்பாலோ, சாடையாலோ, உருவகத்தாலோ, வேறு எவ்வகையாலோ அரசாங்கத்தின்மீது வெறுப்பை விளைவிக்கக்கூடிய எழுத்தெல்லாம் குற்றமென்று அது விதித்தது. ஒரு சட்டம் உருவகத்தைக் குற்றமாக்கிற்று! செம்பொருள் அங்கதம் மட்டுமன்றிப் பழிகரப்பு அங்கதமும் தடைப்பட்டது. இச்சட்டம் அக்காலத்தில் இருந்திருந்தால், யானையின் கதை சொன்ன பிசிராந்தையாரும் ஜாமீன் கட்டியிருக்க வேண்டும். 1913-இல் முகமது அலியின் வழக்கை விசாரித்த கல்கத்தா உயர்நீதிமன்றத் தலைமை நீதிபதி லாரன்ஸ் ஜென்கின்ஸ், இச்சட்டச் சொற்களின் விரிவுக்கு எல்லை காண்பது அரிது என்ற கருத்தைக் குறிப்பிட்டார். சென்னையில் அன்னி பெசன்ட் அம்மையார் தம் 'நியூ இந்தியா' பத்திரிகைக்காக 1916-இல் 2,000 ரூபாய் ஜாமீன் கட்டினார். அது சில மாதங்களிற் பறிமுதலாயிற்று. அவரோ 10,000 ரூபாய் கட்டி மேலும் எழுதினார். அவ்வாறு கட்ட வல்லவர் எத்தனை பேர்? அச்சட்டம் 1922-இல் நீக்கப்பட்டது. அதற்குள் பன்னிரண்டு ஆண்டுகள் சென்றுவிட்டன.

ஆயினும் வாய்ப்பூட்டு முழு வெற்றி பெற்றதென்று சொல்வதற்கில்லை. பண்பின் பொருட்டு நம் முன்னோர் வகுத்த இடக்கரடக்கலும் குழூஉக்குறியும், அச்சக் காலத்தில் உண்மைக்குப் புகலிடமாயின. நாடக மேடையில் இதனைத் தெளிவாகக் காணலாம். நாடகங்களைத் தடுக்க 1876-ஆம் ஆண்டுச் சட்டம் இருந்தது. ஆனால் புராண நாடகத்தில் முருகன் வேடமிட்டு நிற்கும் நடிகர், வெண்ணிறக் கொக்கை விரட்டும் பாட்டொன்றைப் பாடினால், அது பறவையைப் பற்றியதா, கடல் கடந்து வந்தவர்களைப் பற்றியதா என்பது கொட்டகையில் இருந்த சிறுவனுக்கும் விளங்கிற்று. மதுரகவி பாஸ்கரதாஸ் இத்தகைய பாடல்களை இயற்றினார், எஸ். எஸ். விசுவநாததாஸ் பாடினார். அவர் பலமுறை கைதானார். வேடர் கள்ளைச் 'சொல்விளம்பி' என்றதுபோல, ஒரு நாடே தனக்கென்று ஒரு குழூஉக்குறி வைத்துக்கொண்டது.

விடுதலைக்குப் பின்னும் இவ்வினா தீர்ந்துவிடவில்லை. 1950-இல் சென்னை அரசு 'கிராஸ் ரோட்ஸ்' என்னும் வார இதழைத் தன் எல்லைக்குள் தடுத்தபோது, ரமேஷ் தாப்பர் தொடுத்த வழக்கில் உச்சநீதிமன்றம் அத்தடையைச் செல்லாதென்றது. அதையொட்டி 1951-இல் வந்த முதல் திருத்தம், பேச்சுரிமைக்கு இடக்கூடிய கட்டுப்பாடுகளைப் பெருக்கியது. அவை நியாயமானவையாக இருக்க வேண்டும் என்ற வரம்பையும் உடன் சேர்த்தது. 1975 ஜூனில் நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டு, பத்திரிகைகளுக்கு முன்தணிக்கை வந்தது. இந்தியன் எக்ஸ்பிரஸ் 28-ஆம் நாளிதழில் தலையங்கத்துக்குரிய இடத்தை வெறுமையாக விட்டது. 1976 பிப்ரவரி 3-ஆம் நாள், அண்ணாவின் நினைவு நாளில், முரசொலி ஒரு பட்டியலை வெளியிட்டது. அண்ணா நினைவிடத்துக்கு மலரஞ்சலி செலுத்த வர இயலாதவர்களின் பெயர்கள் என்று மட்டும் அதிற் கண்டிருந்தது. கைது என்ற சொல்லோ சிறை என்ற சொல்லோ இல்லை. யார் யார் சிறையில் இருக்கின்றனர் என்று படித்தவர் அனைவரும் அறிந்துகொண்டனர். கட்சிச் சார்பு எதுவாயினும், மொழி பயின்றவர் அதனை இடக்கரடக்கலின் புதியதோர் உதாரணமாகக் கொள்ளலாம்.

இதுகாறும் கண்டவற்றால் ஓர் உண்மை புலனாகிறது. அடக்கம் எது, அச்சம் எது என்று அறியச் சொல்லின் மென்மையை அளந்து பயனில்லை. சொல்லவேண்டிய உண்மை கேட்கவேண்டியவரைச் சென்று சேர்ந்ததா என்று பார்க்க வேண்டும். மெல்லச் சொல்லியும் சேர்ந்தால் அது நாவடக்கம். சேராமலே நின்றுவிட்டால், எவ்வளவு இனிமையாக இருந்தாலும் அது வாய்ப்பூட்டே.

இவ்வளவுகோல் அரசாங்கத்துக்கு மட்டும் உரியதன்று. வகுப்பில் 'விளங்கிற்றா?' என்று ஆசிரியர் கேட்டவுடன் 'விளங்கிற்று ஐயா' என்று ஒரே குரலாக விடை வருவதை நான் பல்லாண்டு கேட்டிருக்கிறேன். எழுத்துத் தேர்வில்தான் எத்தனை பேருக்கு விளங்கவில்லை என்பது வெளிப்படும். அப்பிள்ளைகள் பொய்யர்கள் அல்லர்; விளங்கவில்லை என்று சொன்னால் என்ன நேரும் என்று அறிந்தவர்கள். ஊர்க் கூட்டத்தில் கணக்கு வாசிக்கப்படும்போது தலையசைப்பவர்களும், அலுவலகத்தில் மேலதிகாரியின் தவறான கணக்கைக் கண்டும் 'தங்கள் சித்தம்' என்பவர்களும், கணவன் வீட்டு இன்னல்களைப் பெற்றோரிடம் 'சௌக்கியமாக இருக்கிறேன்' என்று எழுதி மறைக்கும் பெண்ணும் அவ்வகுப்பிற் பயின்றவர்களே. சட்டமோ ஜாமீனோ இன்றியே இங்கெல்லாம் வாய் பூட்டப்பட்டிருக்கிறது.

ஆதலின், பிள்ளைகளுக்கு நா காக்கக் கற்பிப்பதோடு நம் கடமை முடிந்துவிடவில்லை. பெரியவர்களாகிய நாம் செவி திறக்கவும் கற்க வேண்டும். 1854-இல் குழுவொன்று 'வருக' என்று அழைத்தபின்னரே அந்த ஏழைக் குடியானவர்கள் பேசினர். நம் வீட்டிலும் பள்ளியிலும் ஊர் அவையிலும் பேசாதிருப்பவர் எவரேனும் இருந்தால், அவர் அடக்கத்தைப் புகழ்வதற்கு முன், அவர் பேசுவதற்கு நாம் இடம் வைத்திருக்கிறோமா என்று ஒருமுறை எண்ணிப் பார்ப்போமாக.